ஜெனரேட்டருக்குக் காவல்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில், பிளாஸ்டிக் வாளியும் குடமும் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு மெயின்டெனன்ஸ் வேலை. மோல்டிங் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிட்டார்கள். போன முதல் மாதமே தெரிந்துவிட்டது, என் வேலை ஜெனரேட்டருக்குக் காவல் இருப்பது.

2012 மின்வெட்டில் கோவையில் பாதி நாள் இருட்டில் கிடந்தவன் நான். அங்கே எப்போது போகும் என்றாவது ஓரளவு தெரியும். லாகோஸில் அதுவும் கிடையாது. கரண்ட் நின்றால் மெஷினின் பேரலுக்குள், அதாவது பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உருக்கும் குழாய்க்குள், உருகிய பிளாஸ்டிக் இறுகிவிடும். திரும்பச் சூடேற்றி, கருகியதை வெளியே தள்ளி, முதல் நல்ல வாளி விழுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் லைனில் கரண்ட் இருக்கும்போதும் ஜெனரேட்டரிலேயே ஓட்டினோம். 20 கோடிக்கும் மேல் ஜனங்கள் உள்ள நாட்டின் கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், பெரும்பாலும் 4,000, 5,000 மெகாவாட்தான். தமிழ்நாட்டின் மின்தேவை மட்டுமே 2024 கோடையில் 20,000-ஐத் தாண்டியது. காரணம் கேட்டால் சங்கிலி நீளும்: வசூலாகாத பில், அதனால் கேஸ் கம்பெனிக்குப் பாக்கி, அதனால் கேஸ் இல்லாமல் நிற்கும் மின்நிலையம். நேப்பா என்ற பழைய மின்வாரியம் 2005-இலேயே பெயர் மாறி, 2013-இல் விநியோகம் தனியார் கைக்குப் போயிற்று. ஆனாலும் கரண்ட் வந்தால் தெருவே "அப் நேப்பா!" என்று கத்தும்.

இத்தனைக்கும் 1956-இலேயே ஒலோயிபிரி என்ற ஊரில் எண்ணெய் கண்ட நாடு. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனாவில் இருந்த அரசு சுத்திகரிப்பு ஆலைகள் முடங்கிக் கிடக்க, அப்போது கச்சா எண்ணெய் கப்பலில் போனது, டீசல் கப்பலில் வந்தது. 2022 தொடக்கத்தில் லிட்டர் 300 நைராவுக்கு (நைஜீரிய நாணயம்) கீழே இருந்த டீசல், உக்ரைன் போருக்குப் பின் சில மாதங்களில் 800-ஐ நெருங்கியது. வாளி விலையை அப்படி ஏற்ற முடியுமா? ஒரு ஷிஃப்டை நிறுத்தினோம். ஸ்பேர் வாங்க டாலர் கேட்டு வங்கி வாசலில் கிடந்தது தனிக் கதை.

எங்கள் ஆபரேட்டர் ஒருவர், யொரூபா இனத்தவர், சாயங்காலத்தில் முடிவெட்டும் கடை நடத்தினார். 2023 மே 29, பதவியேற்ற கையோடு அதிபர் டினுபு பெட்ரோல் மானியம் இனி இல்லை என்றார். 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் சில நாளில் 500 பக்கம் போயிற்று. அவருடைய சின்ன ஜெனரேட்டர் மூலைக்குப் போனது. பிறகு தினமும் முடிவெட்டும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். "ஓகா, கொஞ்சம் சார்ஜ்" என்று என் மேஜையோரம் செருகிவிட்டுப் போவார். ஓகா என்றால் முதலாளி; என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டீசலுக்குச் சொட்டுச் சொட்டாகக் கணக்குக் கேட்கும் மேனேஜரிடம் நான் அதைச் சொன்னதில்லை.