வயிற்று வலி என்றுதான் அவள் சொன்னாள்

என் மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, ஆடி மாதத்தில் தொடங்கிய வயிற்று வலி தீபாவளி கழிந்தும் நிற்கவில்லை. பள்ளி நாள்களில் காலையில் வரும். விடுமுறை என்றால் வராது. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். எதிலும் குறை தெரியவில்லை. நாங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவர், "படிப்புப் பயம்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். விடுமுறையில் வராத வலி நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நானும் முடிவு கட்டினேன். அந்த வலி நாள் பார்த்து வந்ததே நோயின் அடையாளம் என்பது எனக்கு விளங்க மேலும் மூன்று மாதங்கள் ஆயின.

பதற்றம் வரும்போது உடல், ஏதோ ஆபத்து நேரப்போவதுபோல அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, செரிமானம் தடுமாறுகிறது, வயிறு உண்மையாகவே வலிக்கிறது. ஸ்கேனில் தெரியாததால் அது பொய்யாகிவிடாது. மனச்சோர்வையும் நான் இதேபோலத் தவறாகத்தான் படித்தேன். சோர்ந்த பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழும் என்று நினைத்திருந்தேன். வளரிளம் பருவத்தில் அது பெரும்பாலும் எரிச்சலாக வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பாயியிடம் உயிரையே வைத்திருந்தவள் அவரிடம் எரிந்து விழுந்தாள். கதவை அறைந்து சாத்தினாள். ஆறு வயதிலிருந்து விடாமல் வரைந்துகொண்டிருந்தவள் வண்ணப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். விடியும்வரை விழித்திருந்து பகலில் தூங்கினாள். நாங்கள் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தோம். இத்தகைய மாற்றங்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே மருத்துவரிடம் போக வேண்டும் என்பார்கள். நாங்கள் அரை ஆண்டைக் கடத்தியிருந்தோம்.

மாசி மாதத்தில் ஓர் இரவு, "தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதும்மா" என்று தன் தாயிடம் சொன்னாள். என் மனைவி பதறாமல், "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். நான் திடுக்கிட்டேன், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுகிறோமோ என்று அஞ்சினேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை, மறைத்து வைத்திருந்த பாரத்தை இறக்கி வைக்க அதுவே வழியாகிறது என்று மனநல மருத்துவர் பின்னர் விளக்கினார். அன்று எங்கள் மகள் விடியும்வரை பேசினாள். வீட்டிலிருந்த மாத்திரைகள் அனைத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினோம். அடுத்த சில வாரங்கள் அவளைத் தனியே தூங்க விடவில்லை. அந்த இரவிலேயே 14416 என்ற எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் அது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மறுநாள் எங்கே, யாரிடம் போக வேண்டும் என்பதை அவர்கள்தாம் தெளிவாகச் சொன்னார்கள்.

என் தாய், திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொன்னார். திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனம் பேதலித்தவர்களை அங்கே தங்க வைத்து, பெருமாள் தீர்த்தத்தை முகத்தில் தெளிப்பது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். ஒரு சனிக்கிழமை போய்ச் சேவித்துவிட்டு வந்தோம். அதற்கு முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டிருந்தோம். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிப் போடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது இது தெரிந்தால்?" என்று உறவில் ஒருவர் கேட்டார். உலகில் 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருப்பதை அவரிடம் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மனநலப் பிரிவில் மனச்சோர்வுக்குக் கொடுத்த மருந்தைப் பற்றி மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன். அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் இந்த வயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் பெற்றோர் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் தெளிந்ததும் "பழகிவிடும்" என்று பயந்து நாமாக நிறுத்துவதும் ஆபத்து.

எங்களுக்குக் கடினமாக இருந்தது மருந்தல்ல, பள்ளிக்குத் திரும்புவதுதான். வலி என்று அவள் சொன்ன நாளெல்லாம், பாவம் என்று வீட்டில் இருக்க விட்டிருந்தோம். வலியும் பத்து மணிக்குள் மறைந்துவிடும். தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் அந்த நிம்மதிதான் அடுத்த நாளின் பயத்துக்குத் தீனி போடுகிறது என்று உளவியலாளர் விளக்கினார். அதற்காகப் பிடித்துத் தள்ளியும் விடக் கூடாது. பயங்களை ஏணிப்படிபோல அடுக்கச் சொன்னார். முதல் வாரம் பள்ளி வாசல்வரை போய்த் திரும்புவது, அடுத்து நூலகத்தில் ஒரு மணி நேரம், பிறகு அவளுக்குப் பிடித்த தாவரவியல் வகுப்பு மட்டும் என்று போனோம். ஒரு படியில் பயம் தானாகத் தணியும்வரை அங்கேயே நின்றோம். இரண்டு முறை சறுக்கிக் கீழ்ப்படிக்கே வந்தோம். முழு நாளும் உட்கார்ந்து படிக்க ஒன்பது வாரங்கள் ஆயின. வகுப்பாசிரியை ஒத்துழைத்திருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

பொதுத் தேர்வு முடிவுகளில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இலேயே கைவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அத்தை மகனின் மதிப்பெண் ஒவ்வொரு மாதமும் சாப்பாட்டு வேளையில் அறிவிக்கப்பட்டது, அறிவித்தவன் நான். அதை இப்போது நிறுத்திவிட்டேன்.

இதை வெளியிடும் முன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஒன்றைச் சேர்க்கவும் சொன்னாள். குணமாகிவந்த நாள்களில் தினமும் மாலையில் நான் "இன்னைக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று முகத்தையே பார்த்துக் கேட்டது அவளுக்கு இன்னொரு தேர்வாக இருந்ததாம், "நல்லா இருந்துச்சு" என்று பதில் சொல்லியாக வேண்டியிருந்ததாம். கடைக்குப் போகும்போது, எதுவும் கேட்காமல் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போன நாள்களில்தான் தானாகப் பேச வந்தது என்கிறாள்.