ஏறிட்டேன்

கல்யாண்ல இருந்து மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷன் 50 கிலோமீட்டருக்கு மேல, இவரு தினமும் அந்த லோக்கல் கூட்டத்துல நசுங்கிதான் போறாரு வர்றாரு. சாயந்திரம் ட்ரெயின் ஏறினதும் ஒரு மெசேஜ் வரும், "ஏறிட்டேன்"னு. ஹார்ட்டு கீர்ட்டுலாம் கிடையாது. முந்தாநாள் செம சண்டை, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்யணும்னு ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயி ராத்திரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி படுத்தாச்சு, காலைல டப்பாவ டங்குன்னு வச்சதோட சரி, பேச்சே இல்ல, ஆனா ஏழு மணி ஆனா மனசு கேக்குதா, சப்பாத்தி மாவு கையோட போன எட்டி எட்டி பாக்குறேன். வந்துச்சு. "ஏறிட்டேன்." கடைசில ஒரு புள்ளி வேற, கோவமாம்!

மழைக்காலம்னா இன்னும் மோசம், சயான் குர்லா பக்கம் தண்டவாளத்துல தண்ணி ஏறுனா எல்லா வண்டியும் அங்கங்க நின்னுடும். 2005 ஜூலை 26, சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சே, அன்னைக்கு பக்கத்து வீட்டு மாமா பாதி நடந்து பாதி லாரில தொத்தி மறுநாள்தான் வந்து சேர்ந்தாராம். போனும் போகல. விடிய விடிய மாடிப்படியிலயே உக்காந்திருந்த அத்தை அவர பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, "குடை எங்க?"

இப்ப மாமா ரிட்டயர் ஆகியாச்சு. ஆனாலும் பால் வாங்க போனவரு பத்து நிமிஷம் லேட்டுன்னா அத்தை கேட்டுக்கு வந்துடுவாங்க. "நான் என்ன ஓடியா போயிட்டேன்"னு மாமா கத்துவாரு, கத்திட்டு மறுநாளும் போன வீட்டுலயே வச்சிட்டு போவாரு, வேணும்னேதான்னு எனக்கு ஒரு டவுட்டு 😄