உறை கிழியாமல்

மாசி 3

புதிய ஸ்கானில் அக்காவின் இரைப்பைக் கட்டி 16 சென்ரிமீற்றரிலிருந்து 11 சென்ரிமீற்றராகச் சுருங்கியிருக்கிறது. காலையில் அவளது கண்ணிமைகளை வீங்கச் செய்யும் அந்த 400 மில்லிகிராம் இமாட்டினிப் குளிசை, தன் வேலையைச் செய்திருக்கிறது.

மாசி 5

சத்திரசிகிச்சை நிபுணர் கடுதாசியில் படம் வரைந்து விளக்கினார். இரைப்பைச் சுவரில் தோன்றும் ஜிஸ்ட் எனும் இந்த வகைப் புற்றுக்கட்டியைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கும். உள்ளே இரத்தம் கசிந்து இளகிப்போன பெருங்கட்டியை அழுத்திப் பிடித்தாலே அது கிழியலாம். கிழிந்தால் புற்றுக்கலங்கள் வயிற்றறைக்குள் சிந்தி, நோய் திரும்பும் அபாயம் வெகுவாகக் கூடிவிடும் என்றார். ஆகவே சிறுதுளை வழியாக அல்ல, வயிற்றைத் திறந்தே எடுப்பார்களாம். இந்நோய் நிணநீர்க் கணுக்களுக்கு அரிதாகவே பரவுவதால் அவற்றை வழக்கமாக அகற்றுவதில்லை. "அப்ப எங்க டொக்டர் போகும்?" என்று அத்தான் கேட்டார். ஈரலுக்கும் வயிற்றறைச் சவ்வுக்கும் என்ற பதிலைக் கேட்டபின் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

மாசி 6

அத்தான் விடியமுன்னரே கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டார். எனக்கு உறையைத் தவிர வேறு நினைவில்லை.

மாசி 11

உறை கிழியவில்லை.

மாசி 13

இரைப்பையின் ஒரு பகுதியோடு, கட்டி ஒட்டியிருந்த மண்ணீரலையும் எடுத்திருக்கிறார்கள். மண்ணீரல் இல்லாதவர்களுக்குரிய தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. வடிகுழாய்ப் பையில் சேரும் நீர் இன்று சிவப்புக் குறைந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. தாதியிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

மாசி 19

அக்கா சூடைமீன் குழம்பு கேட்கிறாள். நாலு கரண்டிக் கஞ்சியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது.

மாசி 27

நோயியல் அறிக்கை வந்துவிட்டது. வெட்டிய ஓரங்களில் புற்றுக்கலங்கள் இல்லை. நுணுக்குக்காட்டியின் 50 பார்வைப் புலங்களில் பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் ஐந்துக்கு மேலா, கீழா என்பதை அறியவே நான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன். எண்ணிக்கை குறைவாகவே இருக்கிறது. ஆனால் முன்பே மருந்து கொடுத்த கட்டியில் அந்த எண்ணிக்கையை நம்பி அபாயத்தைக் கணிக்க முடியாதென்றும், தொடக்கத்திலேயே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்ததால் இதை உயர் அபாயமாகவே கொள்ள வேண்டுமென்றும் வைத்தியர் சொன்னார். குளிசை இன்னும் மூன்று ஆண்டுகள், இடையிடையே ஸ்கான்.

பங்குனி 2

குளிசை மீண்டும் தொடங்கியது. சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீருடன். மருந்தை நிறுத்திய பிறகே பலருக்கு நோய் திரும்புகிறது என்று வாசித்ததிலிருந்து அந்த மூன்று ஆண்டுகள் எனக்குப் போதாதவையாகத் தெரிகின்றன. அதன் பிறகும் தொடர இயலுமா என்று அடுத்த கிளினிக்கில், அக்கா வெளியே இருக்கும்போது, கேட்க வேண்டும்.