யார் நிரூபிப்பது?

ஆகஸ்ட் 4

சுற்றுச்சூழல் சட்டத்துக்கு இன்று முதல் வகுப்பு. சட்டப் பிரிவுகளில் தொடங்குவார் என்று நினைத்தேன், பேராசிரியர் ஒரு புகைபோக்கியில் தொடங்கினார். கனடாவில் டிரெயில் என்ற ஊரின் உருக்காலை. அங்கே கிளம்பிய கந்தகப் புகை கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே எல்லை தாண்டி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பயிர்களைக் கருக்கியது. இரண்டு அரசுகளும் சேர்ந்து நடுவர் தீர்ப்பாயம் அமைத்தன. தன் மண்ணிலிருந்து போகும் புகையால் அடுத்த நாட்டுக்குக் கேடு செய்ய எந்த அரசுக்கும் உரிமையில்லை என்று 1941-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

ஆகஸ்ட் 6

தீர்ப்பை முழுசாகப் படித்தேன். அந்த வரிக்கு ஒரு வால் இருக்கிறது: கேடு கடுமையானதாக இருக்க வேண்டும், தெளிவான, ஏற்கத்தக்க சான்றால் அது நிறுவப்பட வேண்டும். 1938-இல் கொடுத்த இழப்பீடு, திருத்திய நிலத்துக்கு 62,000 டாலர், திருத்தாத நிலத்துக்கு 16,000. அவ்வளவுதான். கால்நடைக்குக் கேட்டது, நிரூபிக்கவில்லை என்று தள்ளுபடி. விவசாயி நொடித்ததால் தங்கள் வியாபாரமும் படுத்தது என்று கடைக்காரர்கள் சார்பில் கேட்டதும் தள்ளுபடி. புகையை நுகர்ந்தவர்களே அதை நிரூபிக்கவும் வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 7

காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 13

வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1996. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்த விவகாரம். நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பில் ஒரு கணக்கெடுப்பு வருகிறது: திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில், குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அந்த எண்ணைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. யாரோ வெயிலில் கிணறு கிணறாக நடந்து எண்ணியிருக்க வேண்டும்.

அப்புறம்தான் நான் தேடியது வந்தது. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று ஆலை நடத்துபவரே காட்ட வேண்டும் என்கிறது தீர்ப்பு. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின் ஒரு பகுதி இது. 1992-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் வந்த ரியோ பிரகடனத்தின் 15-ஆம் கோட்பாடும் இதற்குத் துணை நிற்கிறது: கடுமையான அல்லது மீட்க முடியாத கேடு வரும் என்ற அச்சம் இருக்கும்போது, அறிவியல் முழு உறுதி தரவில்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆகஸ்ட் 19

மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில், எனக்கு ஆலைத் தரப்பு விழுந்திருக்கிறது. சரி, அதையும் நேர்மையாகச் செய்ய வேண்டும். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன்: “எங்கள் கழிவால்தான் கெட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? அக்கம்பக்கத்தில் வேறு ஆலைகளே இல்லையா?” இவ்வளவு சுலபமா இது! இரண்டே கேள்வி. பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு ஆய்வகம் வேண்டும், வல்லுநர் வேண்டும், வருடக்கணக்கில் நீர் மாதிரி வேண்டும். அதற்குள் கிணறு என்ன ஆகும்?

ஆகஸ்ட் 22

தோற்றேன். எதிரே நின்ற தோழி குரலை உயர்த்தவே இல்லை. “350 கிணற்றுக்காரர்களும் தனித்தனியாக வந்து நிரூபிக்கட்டும் என்கிறாரா?” என்று மட்டும் கேட்டாள். என் பதில் தாளில் இருந்தது. வாசிக்க மனம் வரவில்லை.