ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை: கீபேட் செயன்முறைக்குப் போகிறவர்களுக்கு

ஹட்டனில் செயன்முறைப் பரீட்சைக்குப் போனபோது எனக்குக் கிடைத்த வேலை இதுதான்: அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை (போர்டு), 16 பொத்தான் கீபேட், நட்சத்திரத்தைத் தட்டினால் கடைசி இலக்கம் மட்டும் அழிய வேண்டும், 3 செக்கன் அழுத்திப் பிடித்தால் எல்லாமே அழிய வேண்டும். முதல் தடவை அதில்தான் கோட்டை விட்டேன். பொத்தான் அழுந்தியதும் டிலே 3000 (3000 மில்லிசெக்கன் சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போட்டு, அப்புறம் இன்னும் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்தேன். டிலே ஓடும்போது போர்டு கீபேட்டைப் பார்ப்பதே இல்லை. பரீட்சகர் நட்சத்திரத்தைத் தட்டிய கையோடு 5ஐத் தட்டினார், 5 விழவே இல்லை.

அடுத்த தவணை வரை லயத்து வீட்டில், தகரத்தில் மழை கொட்டக் கொட்ட, இது ஒன்றையே செய்து பார்த்தேன். கீபேட் லைப்ரரியில் (முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பு) கெட்கீ என்ற கட்டளை, அழுந்தும் நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் எழுத்தைத் தரும், பிடித்துக்கொண்டே இருந்தாலும் திரும்பத் தராது. ஹோல்ட் (அழுத்திப் பிடித்திருக்கும் நிலை) ஆகிவிட்டதா என்று கெட்ஸ்டேட் கட்டளையிடம் கேளுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தால் ஹோல்ட் என்று தீர்மானிக்கும் செட்ஹோல்ட்டைமில் 3000 கொடுக்க மறந்தால் அரைச் செக்கனிலேயே ஹோல்ட் என்று சொல்லிவிடும். லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) ஒவ்வொரு சுற்றிலும் கெட்கீயைக் கூப்பிடுவதும் கட்டாயம், பொத்தான்களைப் பார்க்கும் ஸ்கேன் நடப்பது அதற்குள்தான்.

பலர் சறுக்குகிற இடம் வேறு. தட்டுவதா பிடிப்பதா என்பது அழுந்தும்போது யாருக்கும் தெரியாது, கை எடுக்கும்போதுதான் தெரியும். அதனால் ஓர் இலக்கத்தை அழிக்கும் வேலையை விடுபடும் நேரத்தில் வையுங்கள், அதுவும் 3 செக்கன் ஆகாமல் விட்டால் மட்டும். 3 செக்கன் ஆனதும் எல்லாவற்றையும் அழித்து ஒரு கொடியை (அழித்தாயிற்று என்று குறித்துவைக்கும் மாறியை) உயர்த்திவிடுங்கள். கொடி இல்லாவிட்டால் எல்லாம் அழிந்த பிறகு விரலை எடுக்கும்போது இன்னொரு அழிப்பும் நடக்கும்.

லைப்ரரி இல்லாமல் எழுதச் சொன்னால், முந்தைய சுற்றில் விட்டிருந்து இந்தச் சுற்றில் அழுந்தியிருந்தால் மட்டும் மில்லிஸை (போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து ஆன மில்லிசெக்கன்) குறித்துவையுங்கள், பிறகு சுற்றுக்குச் சுற்று கழித்துப் பாருங்கள். அழுத்தும்போது தொடுகை ஒரு கணம் விட்டுவிட்டுத் துள்ளுவதற்கு 20 மில்லிசெக்கன் விட்டால் போதும். குறித்த நேரத்தை இன்ட் என்ற சிறிய எண் வகையில் வைக்கவே வேண்டாம், அன்சைன்ட் லாங் என்ற பெரிய வகைதான். ஊனோவில் இன்ட் 32767 வரைதான், அதாவது 32 செக்கன் சொச்சம் வரைதான் போகும். இன்ட்டில் வைத்திருந்தபோது எனக்கு முதல் அரை நிமிடம் எல்லாம் சரியாக ஓடியது, அப்புறம் நட்சத்திரத்தைத் தொட்ட உடனேயே எல்லாம் அழிய ஆரம்பித்தது. ஆகவே பரீட்சகரைக் கூப்பிடுவதற்கு முன் போர்டை ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.