செபம் சோற்றுக்கு முன்னம்

பிள்ளைக்கு விசுவாசம் ஊட்டுகிற வேலையை நாங்கள் ஞாயிறு மறைக்கல்வியின் தலையில் ஏற்றிவிட்டோம். வாரத்தில் ஒரு மணித்தியாலம், அதற்கும் குறுக்கே ரியூசன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை ஆண்டு வந்ததும் பூசையை நிற்பாட்டிவிட்டு, சோதனைக்கு முதல்நாள் மட்டும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிற வீடுகள் வன்னியில் குறைவில்லை. வீட்டில் எது பெரிது என்பதைப் பிள்ளை அதிலிருந்தே படித்துக்கொள்ளும்.

வீட்டுச் செபம் நிலைப்பதும் குழம்புவதும் பெரும்பாலும் நேரத்தால்தான். சாப்பிட்டபின் வைத்தால் மூன்றாவது அருள்நிறைந்த மந்திரத்தில் பிள்ளை நித்திரை. விளக்கு வைத்த கையோடு, சோறு போட முன்னம் வையுங்கள். செபமாலையின் ஐந்து பத்துகளும் (பத்து மணிக்கு ஒரு பத்து) சொல்லி முடிக்க இருபது நிமிடமளவு எடுக்கும்; ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை. மூன்று, நாலு வயதில் சிலுவை அடையாளமும் ஒரு வரி நன்றியும் போதும். ஐந்து, ஆறு வயதில் ஒரேயொரு பத்து, நாலு நிமிடம். முதல்நன்மைக்கு, அதாவது முதன்முதல் நற்கருணை வாங்க, ஆயத்தமாகிற வயதில் சனிக்கிழமை மட்டும் முழுச் செபமாலை. அருள்நிறைந்த மந்திரத்தின் முதற்பாதியைப் பிள்ளை சொல்லட்டும், பெரியவர்கள் 'தூய மரியே' என்று மறுமொழி சொல்லுங்கள். மறுமொழி மட்டும் சொல்கிற பிள்ளைதான் தூங்கி விழும். தொடக்கிவைக்கிற பிள்ளைக்கு மணியை எண்ணுகிற பொறுப்பு இருக்கிறது.

சிலுவை அடையாளத்தில் ஒரு சின்னச் சிக்கல். பிள்ளைக்கு முன்னால் நின்று காட்டினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அது இடக்கையைத் தூக்கும். பின்னால் முழங்காலில் இருந்து, அதன் வலக்கையை உங்கள் கைக்குள் வைத்து நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் என்று கொண்டுபோங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் நிற்பாட்டுங்கள். இலையான் கலைப்பதுபோல் பெரியவர்கள் போடுகிற சிலுவையைத்தான் பிள்ளை பழகும், நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அல்ல.

அடுத்தது சொற்கள். அம்மம்மா 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே' என்பா. கோயிலில் 'அருள் நிறைந்த மரியே'. இரண்டும் கலந்தால் பிள்ளை நடுவில் தடக்கி, பிறகு வாயே திறக்காது. பிள்ளைக்குக் கோயிலில் சொல்கிறதையே பழக்குங்கள். அம்மம்மாவைத் திருத்தப் போகவேண்டாம்; அவ தன்னுடையதைச் சொல்லட்டும். நீளமான மந்திரத்தை வாரத்துக்கு இரண்டு வரியாகக் கொடுங்கள். விசுவாசப் பிரமாணம் இரண்டு மாதம் எடுத்தாலும் குறையில்லை.

வேதாகம வாசிப்புக்கு மாற்கு நல்லது, 16 அதிகாரம்தான். ஞாயிறு வாசிக்கப்போகிற நற்செய்தியைச் சனி இரவே பத்து வரி வாசித்துவிட்டால், பூசையில் அது காதில் விழும்போது பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும். விதைப்பவர் உவமைக்கு வன்னியில் படப்புத்தகம் தேவையில்லை. காலபோக விதைப்பில் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வரம்பில் விழுந்த நெல்லைக் குருவி பொறுக்கும், புல்லுக்குள் விழுந்தது நெரிபடும். மாற்கு நாலாம் அதிகாரத்து உவமை முழுக்க அங்கே கிடக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்கு மத்தேயு 13இல் வருகிற வலை உவமை. வலையை மணலுக்கு இழுத்தபின் நல்ல மீனைக் கூடைக்குள் போட்டு, கழிவை எறிகிறார்களே, அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். 'ஏன் எறியினம்?' என்று பிள்ளையே கேட்கும்.

மன்னார் மடு மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் ஆவணி (ஓகஸ்ட்) 15 திருவிழாவைப் பெரும்பாலும் கடையும் கச்சானுமாகக் கழித்துவிடும். வழியில் அங்குள்ள மாதா சுருவத்தின் (சிலையின்) கதையைச் சொல்லுங்கள்: ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையில் இருந்தவர்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். 2008 சித்திரையில் (ஏப்ரல்), சண்டை மடுவை நெருங்கியபோது, அதே சுருவம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தா என்று சொன்னால் வன்னிப் பிள்ளைக்கு உடனே விளங்கும். மடு மண் கொண்டுவருகிற வீட்டில் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: பாம்பு கடித்தால் முதலில் ஆஸ்பத்திரி. மண் செபத்துக்கு, மருந்துக்கு அல்ல.

பதின்மூன்று, பதினாலு வயதில் செபத்துக்கு வராமல் விறாந்தையில் இருப்பார்கள். இழுக்கவேண்டாம், குத்திப் பேசவும் வேண்டாம். காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் காணும்.

கடினமானது, சண்டையில் செத்தவரின் சுவரில் தொங்குகிற படம். 'மாமாவைக் கடவுள் ஏன் காப்பாற்றேல்லை?' என்று ஏழு, எட்டு வயதில் கேட்கும். 'நல்லவர்களைக் கடவுள் கெதியாகக் கூப்பிடுவார்' என்று எங்கள் வீடுகளில் வாயில் வருகிற மறுமொழிதான் ஆகக் கேடானது. அன்றிலிருந்து பிள்ளை நல்லவனாக இருக்கப் பயப்படும், அல்லது கூப்பிடுகிற கடவுளுக்குப் பயப்படும். 'கடவுளின் சித்தம்' என்று சொன்னால் ஷெல் அடித்தவனின் குற்றம் கடவுளின் தலையில் போய் விழுகிறது. மனிதர் செய்ததை மனிதர் செய்தது என்றே சொல்லுங்கள். தெரியாவிட்டால் 'எனக்கும் தெரியாது, நானும் கேட்கிறனான்' என்று சொல்வதில் விசுவாசம் குறையாது. சிலுவையில் இயேசுவே 'ஏன் என்னைக் கைவிட்டீர்?' என்று கேட்டார், அது 22ஆம் திருப்பாடலின் முதல் வரி. செத்துப்போன நண்பன் இலாசரின் கல்லறைக்குப் போனபோது அவர் அழுதார் என்றும் யோவான் 11இல் இருக்கிறது. அம்மா அழுதால் பிள்ளை பார்க்கட்டும்.

கார்த்திகை (நவம்பர்) 2, இறந்த ஆத்துமாக்கள் திருநாளில் சேமக்காலைக்குப் (கல்லறைத் தோட்டத்துக்கு) பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2009 சண்டையில் போனவர்களுக்குக் கல்லறை இல்லாத வீடுகள் பல. அவர்களுக்கான திரியைச் சேமக்காலையின் பெரிய சிலுவையடியில் வைக்கலாம். காற்றுக்கு அணையாமல் இருக்க, பால்மா ரின்னில் பாதிக்கு மணல் போட்டு அதற்குள் நிறுத்துங்கள். பெயர்களை ஒரு கொப்பித் தாளில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். 'மாமா' என்று அல்ல, முழுப்பெயராக, சத்தமாக அதுவே வாசிக்கட்டும்.