தம் கட்டத் தெரிந்தவனின் ஸ்கூபா பரீட்சை

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவுக்கான சான்றிதழ் கார்டு போன வாரம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஓபன் வாட்டர் டைவர், 18 மீட்டர் வரை போகலாம். இது எனக்கு இரண்டாவது முயற்சி. போன வருடம் ஜனவரியில் அந்தமானின் இதே ஹேவ்லாக் தீவிலிருந்து வெயிலில் கறுத்த முகத்தோடு வெறுங்கையாகத் திரும்பினேன். எனவே இதை முதல் தடவையே தேறியவர்கள் படிக்க வேண்டியதில்லை.

சுற்றுலாப் பயணிகள் செய்யும் அரைமணி நேர ட்ரை டைவ் பற்றியும் இதில் எதுவும் இல்லை. அதில் ஒருவர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு உங்களைச் சப்பரம் போல ஊர்வலம் விடுவார். பரீட்சை கிடையாது, படம் பிடித்துக் கொடுப்பார்கள், சந்தோஷமாக வரலாம். நான் சொல்வது நான்கு நாள் கோர்ஸ்.

முதலில் நான் தோற்ற கதை.

எங்கள் ஊர் பெருந்துறைப் பக்கம். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறங்கியபோது எனக்கு ஏழு வயது. பத்து வயதில் அடிமண் எடுத்து வருவேன். மோட்டார் மேட்டிலிருந்து குதித்து, தம் கட்டி, காது வலிக்க வலிக்க அடிவரை போய் ஒரு கைப்பிடி சேற்றை அள்ளி வந்து காட்ட வேண்டும். சேறு இல்லாமல் வந்தால் போனதாகவே கணக்கில்லை. அதனால் ஸ்கூபா கோர்ஸில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும் என்று படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. இரண்டையும் முதல் நாள் காலையிலேயே முடித்தேன். கூட இருந்த பெங்களூர்ப் பையன் 150 மீட்டரிலேயே நுரை தள்ளினான். அவனைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமை. கடைசியில் கார்டு வாங்கியது அவன்.

மதியம் கரையோரம் இரண்டு மீட்டர் ஆழத்தில், மணலில் முழங்காலிட்டு, மாஸ்க்கில் பாதி தண்ணீர் விட்டு வெளியேற்றும் பயிற்சி. எப்படியோ செய்துவிட்டேன். அடுத்தது மாஸ்க்கை முழுவதும் கழற்றி, ஒரு நிமிடம் அது இல்லாமல் மூச்சுவிட்டு, மறுபடி மாட்டுவது. கழற்றினேன். மூக்கில் தண்ணீர் பட்டது. அவ்வளவுதான், முப்பது வருடப் பழக்கம் தானாக வேலை செய்தது. தம் கட்டினேன். வாயில் சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் இருக்கிறது, முதுகில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது, ஆனாலும் கிணற்றில் செய்வதைத்தான் உடம்பு செய்தது. இருபது விநாடியில் முட்டியது. காலை உதைத்து மேலே பாய்ந்தேன். பயிற்சியாளர் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

அன்று மூன்று தடவை, மறுநாள் நான்கு தடவை. ஐந்து பேருக்கு ஒரே பயிற்சியாளர். என் ஒருவனுக்காக மற்ற நால்வரும் மணலில் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை அவர்கள் படகில் ஏறினார்கள், நான் கரையில் நின்றேன். “நீச்சல் நல்லா வரும்னு சொன்னீங்களே?” என்று அந்தப் பயிற்சியாளர் ஆங்கிலத்தில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காரணத்தை ஊருக்கு வந்து புத்தகத்தைத் திருப்பிப் படித்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். கிணற்றில் நாம் மேலே இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோகிறோம். அது அடியில் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். நுரையீரலுக்கு ஆபத்தில்லை. ஸ்கூபாவில் அப்படி இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே ரெகுலேட்டர் தரும் காற்றும் அதே அழுத்தத்தில் வரும். அதை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியலாம். ஒன்றரை மீட்டரிலிருந்து எழும்பினால்கூட இது நடக்கலாம். நான் ஏழு தடவை செய்யப்பார்த்தது இதைத்தான். என்னைப் பிடித்து இழுத்த அந்த மனிதர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

ஆக, கிணறு, ஆறு, ஏரி என்று முங்கிப் பழகியவர்களே, உங்களுக்கு ஒரே பாடம்தான். தம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நீச்சல் குளத்தில் பயிற்சியோடு கற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இராது என்று நினைக்கிறேன். அவர்கள் தண்ணீருக்குள் மூச்சை வெளியே விட்டே பழகியவர்கள்.

பழக்கத்தை மாற்ற நான் செய்தது:

ஒரு பெரிய பிளாஸ்டிக் டப். முகம் தாராளமாக முங்க வேண்டும்.
ஒரு ஸ்நார்கல் குழாய். மாஸ்க் வேண்டாம், மூக்கு திறந்தே இருக்க வேண்டும்.
முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வாயால் இழுத்து, மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.
முதல் வாரம் ஒரு நிமிடம். பிறகு கூட்டிக்கொண்டே போய் ஐந்து நிமிடம்.
கண்ணைத் திறந்து வைத்துப் பழகுங்கள்.
தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

முதல் நான்கு நாள் மூக்கில் ஏறித் தும்மித் தும்மிக் கண் சிவந்தது. என் மகள் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எண்ணிக்கை மறந்து டப்பின் அடியிலிருந்த கம்பெனி முத்திரையைப் படித்துக்கொண்டிருந்தேன். மூக்கைப் பற்றிய நினைப்பே இல்லை. “அப்பா, மூணு நிமிஷம்” என்றாள். அன்றைக்கே ஹேவ்லாக்குக்கு டிக்கெட் பார்த்தேன்.

இந்த முறை வேறு மையம். பயிற்சியாளர் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், அங்கே நம்மாட்கள் நிறைய. மாணவர்கள் நாங்கள் இரண்டே பேர். முதல் நாளே என் பழைய கதையைச் சொல்லிவிட்டேன். மறைக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். அவர் சிரித்தார்.

“கிணத்து ஆளாண்ணே நீங்க? நீச்சல் நல்லாத் தெரிஞ்சவங்கதாண்ணே எனக்குக் கஷ்டம். தெரியாதவங்க சொன்னதைச் செய்வாங்க.”

“இப்ப ஒரு வருஷமா டப்புல முங்கிட்டு இருக்கேன் தம்பி.”

“டப்புலயா?” என்று ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, “சரி, நீங்க முதல்ல கழட்டுங்க” என்றார்.

கழற்றினேன். உப்புத் தண்ணீர் கண்ணைக் கடித்தது. எதிரே அவர் ஒரு நீல மூட்டமாகத் தெரிந்தார். நான் விட்ட குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு ஏறின. அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இழு, விடு, இழு, விடு. என் கையை எடுத்து மாஸ்க்கில் வைத்தார். மாட்டி, மேல் விளிம்பை அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி மூக்கால் ஊதினேன். தண்ணீர் வெளியேறியது. முகம் துலக்கமாகத் தெரிந்ததும் ஓகே சைகை கேட்டார். நான் தலையாட்டினேன். அது செல்லாது, கையால்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று. தம் கட்டுகிறவனுக்கு மிதவைச் சமநிலையும் வராது. நெஞ்சில் காற்று நிறைந்திருந்தால் உடம்பு தக்கை மாதிரி மேலே போகும். போன வருடம் நான் மிதக்கிறேன் என்று எட்டுக் கிலோ வரை ஈயம் கட்டிவிட்டார்கள். இந்த வருடம் அதே உடம்புக்கு ஐந்து கிலோ போதுமானதாக இருந்தது. ஒரே இடத்தில் அசையாமல் தொங்கும் பயிற்சியில் கை கால் எதுவும் வேண்டாம். இழுத்தால் அரையடி ஏறும், விட்டால் அரையடி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பிடிபட்டுவிட்டால் மீதிக் கோர்ஸ் பாதி முடிந்த மாதிரி.

எழுத்துத் தேர்வைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம், எனக்கு அதில் சொல்ல அதிகமில்லை. ஐம்பது கேள்வி, 38 சரியாக இருந்தால் போதும். நான் கணக்குப் பிள்ளை, எனக்கு 47. சான்றிதழ் தரும் அமைப்பின் பெயர் PADI, அதைத் தமிழில் ‘பேடி’ என்று எழுதினால் கோழை என்ற பொருள் வந்து நிற்கும், போன வருடம் என் மனைவி அதைக் குறிப்பிடத் தவறவில்லை. பாடங்களை வீட்டிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டுப் போங்கள். தீவில் நெட் இழுக்கும், தவிரவும் கடலில் இறங்கிவிட்டு வந்தால் ராத்திரி எட்டு மணிக்கே கண் சொக்கும்.

மறக்கக் கூடாதவை:

அழுத்தம் 10 மீட்டருக்கு 2 பார், 20க்கு 3, 30க்கு 4. பலூன் ஆழத்தில் எவ்வளவு சுருங்கும் என்ற கேள்வி, காற்று எவ்வளவு நேரம் வரும் என்ற கேள்வி எல்லாம் இதிலிருந்துதான்.
தண்ணீருக்குள் பொருள்கள் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். சிவப்பு முதலில் மறையும்.
சத்தம் காற்றைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாக வரும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.
கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ அல்ல, ‘மேலே போகலாம்’.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று ஏறுவது.

காது: ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பு. கிணற்று ஆட்கள் வலியைத் தாங்குவதைத் திறமை என்று நினைப்போம். அடைத்தால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம்.

கடல் டைவ் நான்கு. முதல் இரண்டு 12 மீட்டருக்குள், அடுத்த இரண்டு 18 வரை. எங்களுக்கு நீமோ ரீஃப் என்ற இடத்தில் தொடங்கிக் கடைசியில் லைட்ஹவுஸ் என்ற இடம். பவளத்தையும் கோமாளி மீனையும் வர்ணிக்க எனக்குத் தெரியாது, பரீட்சை நினைப்பில் பாதியைப் பார்க்கவும் இல்லை. நினைவில் நிற்பது ஒன்றுதான். காற்று தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஆறு முதல் ஒன்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வரும் பயிற்சி. ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கும், ஆனால் இழுக்கக் கூடாது. வழி நெடுக ‘ஆ’ என்று சத்தம் கொடுத்து மூச்சை விட்டுக்கொண்டே வர வேண்டும், சத்தம் நின்றால் தம் கட்டிவிட்டதாக அர்த்தம். நான் கொடுத்த ஆலாபனை படகில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். விடவிட, நெஞ்சில் காற்று தீரவே இல்லை. மேலே வரவரக் காற்று விரிந்துகொண்டே போகிறது. படித்தது உடம்புக்குள் நடப்பதை அங்கேதான் கண்டேன். மேலே வந்ததும் பயிற்சியாளர், “அண்ணே, போதும், நிறுத்திக்கலாம்” என்றார்.

இனி சில்லறை விஷயங்கள்.

மருத்துவப் படிவத்தை ஊரிலேயே பார்த்துவிடுங்கள். எனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. படிவத்தில் சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று போட்டால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். ‘இல்லை’ என்று பொய் போடாதீர்கள். தீவில் போய் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரம் விடுங்கள். நான் ஒரு நாள் முழுதாக விட்டேன். போர்ட் பிளேருக்கு வரும் படகு கடல் மோசமானால் ரத்தாகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், காலை ஆறு ஆறரைக்குப் படகு. ராத்திரி ஆட்டம் போடலாம் என்ற திட்டத்தோடு நண்பர்கள் யாரும் கூட வந்தால் அவர்களை வேறு விடுதியில் தங்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மீசை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன வருடம் என் மாஸ்க்கில் ஓயாமல் தண்ணீர் கசிந்ததற்குப் பாதிக் காரணம் மீசைதான். மூக்குக்கு நேர் கீழே மாஸ்க்கின் ரப்பர் தோலில் ஒட்ட வேண்டும், முடி இருந்தால் ஒட்டாது. வாஸ்லின் தடவினால் சரியாகும் என்பார்கள், எனக்குச் சரிப்படவில்லை. மூக்கை ஒட்டி ஒரு கோடு மட்டும் சிரைத்துக்கொள்வது சிலர் வழக்கம். அந்தக் கோடு எனக்கு நேராக வரவில்லை, கிளம்புவதற்கு முதல் நாள் மொத்தமாக எடுத்துவிட்டேன். போகும் வழியில் ஊரில் அம்மாவைப் பார்க்கப் போனேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வடைச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க, அம்மா நல்லாத்தானே இருந்தாங்க?” என்றார்.